ஆறு முறை வந்த ஒரே சொல்: கெட்டிஸ்பர்க் உரையின் கட்டுமானம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு தாளின் கடைசி வரியில் மூன்று சொற்கள் பென்சிலால் அடிக்கப்பட்டிருக்கின்றன. "இங்கே நிற்பது" என்று பொருள் தரும் மூன்று ஆங்கிலச் சொற்கள். அந்தப் பக்கம் முழுவதும் மையில் எழுதியது. திருத்தம் மட்டும் பென்சில். அடித்த சொற்களுக்கு மேலே புதிதாக ஒரு சொல் தொடங்குகிறது, ஆனால் தாளில் இடம் போதவில்லை. சொல் பாதியில் முறிந்து, மீதி அடுத்த தாளுக்குப் போகிறது. அந்தச் சொல் "அர்ப்பணி".

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையின் முதல் வரைவு இது. அவருடைய செயலர் ஜான் நிக்கோலே பாதுகாத்து வைத்ததால் நிக்கோலே படி என்று பெயர். "உயிரோடு இருக்கும் நாம் இங்கே நிற்பது..." என்று போய்க்கொண்டிருந்த வாக்கியத்தை நிறுத்தி, "நாம் இங்கே அர்ப்பணிக்கப்படுவது..." என்று மாற்றியிருக்கிறார். விழாவன்று காலையில் இதைச் செய்தார் என்று நிக்கோலே பிற்பாடு எழுதினார்.

இந்த ஒரு திருத்தத்தில் உரையின் மொத்தக் கட்டுமானமும் தெரிகிறது என்று எனக்குப் படுகிறது. அரசியல் உரையின் ஆற்றலைப் பற்றிப் பேசும்போது பொதுவாக குரல், உவமை, அடுக்குமொழி, கைதட்டல் வாங்கும் வரி என்றுதான் பேசுகிறோம். அதெல்லாம் உண்டுதான். ஆனால் ஒரு உரை சிதறாமல் நிற்பதும், கேட்பவர் மனத்தை நகர்த்துவதும் இரண்டு தனி வேலைகள் இல்லை. கேட்பவர் தொடக்கத்தில் தயக்கமே இல்லாமல் ஒப்புக்கொண்ட ஒரு சொல், வாக்கியத்துக்கு வாக்கியம் கைமாறி வந்து, கடைசியில் அவரிடமே ஒரு கடமையைக் கேட்கிறது. கோவையும் வற்புறுத்தலும் ஒரே நூலில் கோத்தவை. அதை ஒரே ஒரு உரையை எடுத்துப் பிரித்துக் காட்டுவதுதான் இந்த ஆய்வு.

நடந்தது என்ன

1863 ஜூலை 1 முதல் 3 வரை, பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூரைச் சுற்றி அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய சண்டை நடந்தது. இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் என்று இரு தரப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 50,000 பேர். இறந்தவர்கள் மட்டும் 7,000-க்கு மேல். அவசரமாகத் தோண்டிய ஆழமில்லாத குழிகளில் உடல்கள் கிடந்தன. பிரிந்துபோன தென் மாநிலங்களோடு போரிட்ட வடதரப்பு வீரர்களுக்காவது முறையான கல்லறை வேண்டும் என்று உள்ளூர் வழக்கறிஞர் டேவிட் வில்ஸ் முன்னின்று ஏற்பாடு செய்தார்.

அர்ப்பண விழாவின் முதன்மைப் பேச்சாளர் லிங்கன் இல்லை. எட்வர்ட் எவரெட். ஹார்வர்டில் கிரேக்கம் கற்பித்தவர், பிறகு அதன் தலைவர், மாசசூசெட்ஸ் ஆளுநர், வெளியுறவுச் செயலர், செனட்டர். அந்தக் காலத்தில் நாட்டின் சிறந்த மேடைப் பேச்சாளர்களில் ஒருவர். அக்டோபர் 23 என்று முதலில் குறித்த நாள், அவர் தயாராகக் கூடுதல் அவகாசம் கேட்டதால் நவம்பர் 19-க்குத் தள்ளிப்போனது. குடியரசுத் தலைவருக்கு அழைப்புக் கடிதம் நவம்பர் 2-ஆம் தேதிதான் எழுதப்பட்டது. அதில் கேட்டது, பொருத்தமான சில வார்த்தைகள் மட்டும்.

எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். 13,000 சொற்களுக்கு மேல். லிங்கன் பேசியது 270 சொற்களை ஒட்டி, பத்தே வாக்கியங்கள். இரண்டு மணி நேரப் பேச்சை இரண்டு நிமிடப் பேச்சு வென்றுவிட்டது என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். அது எவரெட்டுக்கு நியாயம் செய்யாது. அவருடைய உரைக்கும் கட்டுமானம் இருந்தது. ஏதென்ஸ் நகரம் தன் போர்வீரர்களை அடக்கம் செய்த முறையில் தொடங்கி, போரின் காரணம், மூன்று நாள் சண்டையின் விவரம், கிளர்ச்சி ஏன் சட்டப்படி செல்லாது என்ற வாதம், உள்நாட்டுப் போருக்குப் பின் மீண்டும் ஒன்றுபட்ட நாடுகளின் வரலாறு என்று அறை அறையாக ஒரு பெரிய வீடு கட்டினார். களத்தில் என்ன நடந்தது என்று அன்றைக்குத் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் ஒரு அறையை எடுத்துவிட்டாலும் வீடு நிற்கும். லிங்கனின் உரையில் ஒரு வாக்கியத்தை எடுத்தால் அடுத்தது நிற்காது. இந்த வேறுபாடுதான் இங்கே முக்கியம்.

அதே கருத்து, நான்கு மாதம் முன்பு

கட்டுமானம் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதே கருத்து கட்டுமானம் இல்லாமல் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். அதற்கு அருமையான வாய்ப்பு ஒன்று வரலாற்றில் கிடைக்கிறது.

1863 ஜூலை 7. கெட்டிஸ்பர்க் வெற்றியோடு தெற்கின் விக்ஸ்பர்க் நகரம் வீழ்ந்த செய்தியும் வந்திருந்தது. வாஷிங்டனில் மக்கள் கூட்டமாகத் திரண்டு லிங்கனைப் பேசச் சொன்னார்கள். முன்தயாரிப்பு இல்லாமல் பேசினார். எவ்வளவு காலம் ஆயிற்று, எண்பது சொச்சம் ஆண்டுகளா, உலக வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு நாடு தன் பிரதிநிதிகள் மூலம் எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்பதைத் தானே விளங்கும் உண்மையாக அறிவித்து, என்ற பொருளில் தொடங்கினார். அப்புறம் சுதந்திரப் பிரகடன நாளான ஜூலை 4-ஆம் தேதியின் விசேஷங்களுக்குப் போனார். முன்னாள் குடியரசுத் தலைவர்கள் ஜெஃபர்சனும் ஆடம்சும் ஒரே ஜூலை 4-இல் இறந்ததைச் சொன்னார். இது உன்னதமான பொருள், ஆனால் அதற்குத் தகுந்த உரை நிகழ்த்த நான் தயாராக இல்லை என்று தாமே ஒப்புக்கொண்டு முடித்தார்.

அதே மனிதர், அதே எண்ணம். "எண்பது சொச்சம்" நவம்பரில் "நான்கு இருபதும் ஏழும்" ஆகிறது. கணக்கு துல்லியமானது மட்டுமில்லை, தொனியும் மாறிவிட்டது. அந்தக் கூட்டம் ஞாயிறுதோறும் கேட்டுப் பழகிய வேதாகம ஆங்கிலத்தின் எண்ணும் முறை அது; மனித ஆயுளைப் பேசும் சங்கீதத்தில் வருவது. "அறிவித்தது" என்ற அலுவல் சொல் போய், கருவுற்றுப் பெற்றெடுத்தல் என்ற உடலின் சொற்கள் வந்தன. ஜூலையில் கருத்து பக்கத்துக்குப் பக்கம் தாவியது. நவம்பரில் முதல் வாக்கியத்தில் விதைத்த ஒவ்வொன்றும் பின்னால் முளைக்கிறது.

பத்து வாக்கியங்களும் கைகோத்த விதம்

ஒரு சோதனை செய்து பார்த்தேன். பத்து வாக்கியங்களையும் பத்துத் துண்டுத் தாள்களில் எழுதி, கலைத்து, இந்த உரையை முன்பு படித்திராத நண்பர் ஒருவரிடம் அடுக்கச் சொன்னேன். நடுவில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார். மற்றதெல்லாம் தானாக இடத்தில் விழுந்தது. எப்படி என்று கேட்டேன். "ஒவ்வொன்றும் முந்தியதன் வாலைப் பிடித்திருக்கிறது" என்றார்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. அந்தாதி. ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கம். லிங்கன் உரையின் முதல் பாதி கிட்டத்தட்ட இந்த முறையில் நகர்கிறது. முதல் வாக்கியத்தில் "ஒரு புதிய நாடு". இரண்டாவதில் "ஒரு பெரிய உள்நாட்டுப் போர்", அது "அந்த நாடு" நிலைக்குமா என்று சோதிக்கிறது. மூன்றாவதில் "அந்தப் போரின் ஒரு பெரிய களம்". நான்காவதில் "அந்தக் களத்தின் ஒரு பகுதி". முதலில் "ஒரு" என்று அறிமுகமாவது அடுத்த வாக்கியத்தில் "அந்த" என்று திரும்பி வந்து, கூடவே புதிய "ஒரு" ஒன்றைக் கொண்டுவருகிறது. தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்கு ஓரடி. கேட்பவர் எந்த இடத்திலும் தனியாக விடப்படுவதில்லை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், ஆயிரக்கணக்கானோர் நின்றுகொண்டு கேட்ட உரை இது என்பதை மறக்கக் கூடாது. ஒரு சொல் காற்றில் போனாலும் அடுத்த வாக்கியத்தில் அது திரும்பக் கிடைத்தது.

இந்த அந்தாதி ஓட்டம் இன்னொரு வேலையும் செய்கிறது. கண்டம், நாடு, போர்க்களம், களத்தின் ஒரு பகுதி, கடைசியில் காலுக்குக் கீழே இருக்கும் "இந்த மண்". பார்வை சுருங்கிக்கொண்டே வந்து கல்லறைக் குழிகளில் நிற்கிறது. பிறகு அதே பார்வை விரிகிறது: "உலகம்", "இந்த நாடு", கடைசிச் சொல்லாக "பூமி". காலமும் நேற்று, இன்று, நாளை என்று நகர்கிறது. அது எல்லாப் பேச்சாளரும் செய்வதுதான். இடத்தைச் சுருக்கி விரித்தது அப்படி இல்லை. கூட்டத்தின் கண்களைக் கல்லறை மண்ணுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவர் தன் கோரிக்கையைச் சொல்கிறார்.

"இங்கே" என்ற சொல் எட்டு முறை வருகிறது. எழுத்தில் படித்தால் மிகையாகத் தெரியும். பத்திரிகை ஆசிரியர் கையில் கிடைத்தால் ஐந்தையாவது வெட்டிவிடுவார். நின்று கேட்டவர்களுக்கோ ஒவ்வொரு "இங்கே"யும் விரல் நீட்டிக் காட்டியதுபோல் இருந்திருக்கும். (மேடைக்கு எழுதியதை மேசையில் உட்கார்ந்து திருத்துவதில் உள்ள ஆபத்து இது. நானும் பிறர் உரைகளில் அப்படி வெட்டியிருக்கிறேன். இப்போது வெட்டுவதற்கு முன் வாய்விட்டுப் படிக்கிறேன்.)

அர்ப்பணி

இப்போது அந்தப் பென்சில் திருத்தத்துக்கு வருவோம். லிங்கன் கைப்பட எழுதிய படிகள் ஐந்து கிடைத்திருக்கின்றன. பொதுவாக மேற்கோள் காட்டப்படும் பிளிஸ் படியில் "அர்ப்பணி" என்ற வினை ஆறு முறை வருகிறது. ஒன்றுபோல இருந்தும் ஆறும் ஒன்றில்லை.

முதலில், எல்லா மனிதரும் சமம் என்ற கூற்றுக்கு "அர்ப்பணிக்கப்பட்ட" நாடு. இரண்டாவதாக, அப்படி "அர்ப்பணிக்கப்பட்ட" எந்த நாடாவது நீடிக்குமா என்ற கேள்வி. இந்த இரண்டிலும் அர்ப்பணிப்பு என்பது ஒரு கொள்கைக்கு. மூன்றாவதாக, களத்தின் ஒரு பகுதியைக் கல்லறையாக "அர்ப்பணிக்க" வந்திருக்கிறோம். இங்கே அது ஒரு சடங்கு. மாலை வைப்பது, ஜெபம் சொல்வது, பாட்டுப் பாடுவது. கூட்டம் வந்ததே இதற்குத்தான். இது முறையானது, தகுந்தது என்று ஐந்தாம் வாக்கியத்தில் அவரும் ஒப்புக்கொள்கிறார். உரை இத்தோடு முடிந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்த சொல் "ஆனால்".

ஆனால், இன்னும் பெரிய பொருளில் பார்த்தால், இந்த மண்ணை நாம் அர்ப்பணிக்க முடியாது, புனிதமாக்க முடியாது, தூய்மைப்படுத்த முடியாது. நான்காவது அர்ப்பணிப்பு மறுப்பாக வருகிறது. வந்த வேலையையே செய்ய முடியாது என்று மேடையிலிருந்து சொன்னால் கூட்டம் என்ன செய்யும்? காரணத்தை எதிர்பார்க்கும். காரணம் வருகிறது: இங்கே போராடியவர்கள், உயிரோடு இருப்பவர்களும் இறந்தவர்களும், ஏற்கெனவே இதைப் புனிதமாக்கிவிட்டார்கள். அப்படியானால் நாம் எதற்கு வந்தோம்? இந்தக் கேள்வியை லிங்கன் கேட்கவில்லை. கேட்பவர் மனத்தில் எழும்படி வாக்கியங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். பதிலாகத்தான் ஐந்தாவதும் ஆறாவதும் வருகின்றன: அர்ப்பணிக்கப்பட வேண்டியது நாம். முடியாமல் கிடக்கும் பணிக்கு நம்மை.

செயப்படுபொருள் இடம் மாறிவிட்டது. மண்ணை அர்ப்பணிக்க வந்தவர்களே அர்ப்பணிக்கப்படும் பொருளாகிவிட்டார்கள். வினைச்சொல் மாறியிருந்தால் இது நடந்திருக்காது. "நிலத்தை அர்ப்பணிக்கிறோம், போரைத் தொடர்வோம்" என்று சொல்லியிருந்தால் இரண்டு தனி விஷயங்கள். போரால் களைத்துப்போயிருந்த கூட்டம் முதலாவதற்குத் தலையாட்டி, இரண்டாவதில் விலகியிருக்கும். வந்த காரியத்துக்கான சொல்லே திரும்பி வந்து கடமையைக் கேட்டதால் விலக இடமில்லை. "இங்கே நிற்பது" என்பதை அவர் ஏன் அடித்தார் என்பது இப்போது தெளிவாகும். நிற்பது அழகான சொல்தான். ஆனால் அது முதல் வாக்கியத்திலிருந்து வரும் நூலோடு சேரவில்லை.

தண்டியலங்காரம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது: பின்வருநிலையணி. முன்பு வந்த சொல்லே வேறு பொருளில் மீண்டும் வந்தால் சொற்பின்வருநிலை. பொருள் அதுவாக, சொல் மட்டும் மாறி வந்தால் பொருட்பின்வருநிலை. இரண்டும் அப்படியே திரும்பினால் சொற்பொருட்பின்வருநிலை. மூன்றும் இந்தச் சின்ன உரைக்குள் இருக்கின்றன. "அர்ப்பணி" முதல் வகை. அர்ப்பணிக்க, புனிதமாக்க, தூய்மைப்படுத்த என்ற மூன்றடுக்கு இரண்டாம் வகை. எட்டு முறை வரும் "இங்கே" மூன்றாம் வகை. இவற்றை அணி என்று வகுப்பில் படித்தபோது நகையைப் போன்றது என்றே நினைத்தேன். இந்த உரையில் அவை எலும்பு. முதல் வகை வாதத்தை நகர்த்துகிறது, இரண்டாம் வகை திருப்பத்தில் மூச்சுவிட இடம் தருகிறது, மூன்றாம் வகை கூட்டத்தை அந்த மண்ணிலேயே நிறுத்திவைக்கிறது.

இதே பின்னலில் இன்னொரு இழை: கருவுறுதல், பிறப்பு, உயிர் கொடுத்தல், வீணாகாத சாவு, "புதிய பிறப்பு". இதை விரித்து எழுதலாம், ஆனால் ஒரு முறை வாய்விட்டுப் படித்தாலே காதில் விழுந்துவிடும்.

பெயரெச்சத்தில் ஒளிந்த வாதம்

இனிச் சொல்வது இந்த உரையின் வலிமையும் அதன் மீதான நியாயமான கேள்வியும்.

1863-இல் 87-ஐக் கழித்தால் 1776. சுதந்திரப் பிரகடனத்தின் ஆண்டு. அரசியல் சாசனம் வரையப்பட்டது 1787-இல். நாடு பிறந்தது எப்போது என்பது அன்று சூடான கேள்வி. சாசனம் அடிமை முறையோடு சமரசம் செய்துகொண்ட ஆவணம். பிரதிநிதித்துவக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணச் சொன்னது. பிரகடனமோ எல்லா மனிதரும் சமம் என்றது. 87 என்ற எண்ணைச் சொன்னதுமே லிங்கன் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். கூட்டத்தில் பலருக்கு அது தேதிக் கணக்காக மட்டுமே காதில் விழுந்திருக்கும்.

இலக்கண அமைப்பையும் பாருங்கள். "இந்த நாடு சமத்துவத்துக்காக அமைந்தது" என்று அவர் தனி வாக்கியமாகச் சொல்லவில்லை. முதன்மை வினை "பெற்றெடுத்தார்கள்". சமத்துவம் நாட்டுக்கு அடைமொழியாக வருகிறது. "அவர் நேர்மையானவர்" என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் "யார் சொன்னது?" என்பார். "அந்த நேர்மையான மனிதர் நேற்று வந்திருந்தார்" என்று சொல்லுங்கள். "நேற்றா? முந்தாநாள் இல்லையா?" என்று வேண்டுமானால் கேட்பார். நேர்மை கேள்வி இல்லாமல் உள்ளே போய்விடும். சர்ச்சைக்குரியதைப் பெயரெச்சத்தில் வைத்தால், கேட்பவர் முற்றுவினையோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்.

எல்லோரும் ஏமாறவில்லை. லிங்கனை எதிர்த்துவந்த சிகாகோ டைம்ஸ் நாளிதழ் சில நாட்களிலேயே சாசனத்தின் வரிகளை எடுத்துக்காட்டி, இந்த வீரர்கள் எதற்காக இறந்தார்கள் என்பதையே அவர் திரித்துவிட்டார் என்று சாடியது. அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கும் வாதம் அது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எந்தச் செங்கல்லைத் தட்ட வேண்டும் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. முதல் வாக்கியத்தின் அடைமொழியை ஏற்காவிட்டால் கடைசி வாக்கியம் நம்மைக் கட்டுப்படுத்தாது.

அதே முதல் வாக்கியத்தில் லிங்கன் காட்டிய நேர்மை ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரகடனம் சமத்துவத்தை "தானே விளங்கும் உண்மை" என்றது. ஜூலை 7-இல் அவரும் அப்படியே சொன்னார். நவம்பரில் அதை "கூற்று" என்று மாற்றினார். யூக்ளிடின் ஆறு நூல்களை ஏறக்குறையக் கற்றுத் தேர்ந்ததாகத் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டவர் அவர். வடிவியலில் தானே விளங்குவது வேறு, நிறுவ வேண்டிய கூற்று வேறு. உண்மையைக் கூற்று ஆக்கியதும் போர் அதன் "சோதனை" ஆகிறது. இறந்தவர்கள் விட்டுப்போனது "முடியாத பணி" ஆகிறது. நிறுவல் பாதியில் நிற்கிறது, முடிக்க வேண்டியவர்கள் நாம். ஒற்றைச் சொல்லை மாற்றி, ஒன்பதாம் வாக்கியத்தில் உள்ள இன்னொரு சொல்லுக்கு அடித்தளம் போட்டிருக்கிறார். கோவை என்பது ஒட்டுச்சொற்களால் வருவதில்லை என்று புதிதாக எழுதுவோருக்குச் சொல்லும்போதெல்லாம் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

சொல்லாமல் விட்டவை

உரையில் "நான்" இல்லை. "எதிரி" இல்லை. "அடிமை" இல்லை. தெற்கு, வடக்கு, எந்தத் தளபதியின் பெயரும், கெட்டிஸ்பர்க் என்ற ஊர்ப் பெயரும்கூட இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிதான் அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர், அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "சுதந்திரத்தின் புதிய பிறப்பு" என்ற தொடருக்குள் அதைக் கேட்பவரே வைத்துக்கொள்ள விட்டுவிட்டார். தானாகக் கண்டடைந்ததை மனிதர் எளிதில் மறுப்பதில்லை.

"நான்" இல்லாத இந்த உரையில் பத்து முறை வருவது முதல் நபர்ப் பன்மை. ஆங்கிலத்தில் நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் நாம் தேர்ந்தே ஆக வேண்டும். "நாம் இப்போது ஒரு பெரிய உள்நாட்டுப் போரில் இருக்கிறோம்" என்று மொழிபெயர்த்தால் தெற்கும் உள்ளே வந்துவிடுகிறது. "நாங்கள்" என்றால் உரையே உடைந்துவிடும். "நம் முன்னோர்" என்ற தொடக்கமும் அப்படித்தான்; பிரிந்துபோனவர்களுக்கும் அவர்களே முன்னோர். தமிழில் யோசித்துப் பார்த்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. போரை நடத்திக்கொண்டிருந்த ஒருவர், போருக்கு நடுவே, எதிர்ப்பக்கத்தையும் "நாம்" என்ற சொல்லுக்குள் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார்.

நூறு ஆண்டு கழித்து, 1963 ஆகஸ்ட் 28 அன்று, லிங்கன் நினைவிடத்தின் படிகளில் மார்ட்டின் லூதர் கிங் பேசியபோது, கூட்டத்தில் சேர்ந்த மகிழ்ச்சியை ஒரு வரியில் சொல்லிவிட்டு, "ஐந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பு" என்றே தொடங்கினார். லிங்கனின் எண்ணும் முறையை எடுத்து, விடுதலைப் பிரகடனத்திலிருந்து எண்ணினார். உடனே "நூறு ஆண்டுகள் கழித்தும்" என்று திரும்பத் திரும்ப வருகிறது. லிங்கனின் "ஆனால்" இருந்த இடம் அது. கடைசிப் பகுதியைக் கிங் தன் தாளை விட்டு விலகிப் பேசினார். அப்படிப் பேசியும் உரை கலையவில்லை. தராத கடன், இனியும் காத்திருக்க முடியாது, ஆகவே ஒரு கனவு என்ற எலும்புக்கூடு அதற்குள் கேட்பவர்களிடம் நிலைத்துவிட்டிருந்தது.

கடைசி வாக்கியம்

உரையின் பத்தாவது வாக்கியம் மட்டும் 82 சொற்கள். மொத்த உரையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. அதற்கு முன் ஐந்தாம் வாக்கியம் பதினோரு சொற்களில் முடிந்திருந்தது. சின்னச் சின்ன அடியாக வந்தவர் கடைசியில் ஒரே மூச்சில் ஓடுகிறார். ஒரே இணைப்புச் சொல் நான்கு கிளைகளின் தலையில் வந்து, ஒவ்வொன்றையும் "பெரும்பணி" என்ற தண்டோடு கட்டுகிறது. எடுத்த பற்று, செய்யும் உறுதி, நாட்டின் மறுபிறப்பு, மக்களாட்சியின் நிலைபேறு என்று ஒவ்வொரு கிளையும் முந்தியதைவிட உயரம்.

இதைத் தமிழில் கொண்டுவர நான் பல முறை முயன்று தோற்றிருக்கிறேன். ஆங்கிலத்தில் அடுக்கு முன்னால் நிற்கிறது. தமிழில் வினை பின்னால் வருவதால், 82 சொற்களையும் ஒரே வாக்கியமாக்கினால் எல்லாம் கடைசி வினைக்காகக் காத்துக்கிடக்கும். கேட்பவர் வழியிலேயே தொலைந்துவிடுவார். மக்களுடைய, மக்களால், மக்களுக்காக என்ற புகழ்பெற்ற மூன்றடுக்கும் சிக்கல். ஆங்கிலத்தில் "ஆட்சி" முதலில் வந்து, மக்கள் மூன்று முறை அதன் பின்னே வருகிறார்கள். தமிழில் அடை முன்னால்தான் வர வேண்டும்.

கடைசியில் கைகொடுத்தது இயைபு. தமிழில் எதிரொலிக்க வேண்டிய இடம் வாக்கியத்தின் முடிவு. அங்கே வினை இருக்கிறது. ஆகவே ஒரே வாக்கியம் என்ற ஆசையை விட்டேன். ஐந்தாக வெட்டி, முதல் பாதியை "ஓம்" என்றும் மறுபாதியை "அட்டும்" என்றும் முடித்தேன். முதலாவதில் நாம் செய்வது, இரண்டாவதில் அதனால் விளைவது. "ஆட்சி"யை ஒரு முறை சொல்வதற்குப் பதில் மூன்று முறை சொன்னேன். இப்போது என்னிடம் இருப்பது இது:

"நம் முன்னே மிச்சமிருக்கும் பெரும்பணிக்கு இங்கே நம்மை அர்ப்பணித்துக்கொள்வோம். போற்றுதலுக்குரிய இந்த இறந்தவர்கள் எந்த இலட்சியத்துக்காகத் தங்கள் பற்றை முழுவதுமாக அளந்து கொடுத்தார்களோ, அந்த இலட்சியத்தின் மேல் இன்னும் கூடுதலாகப் பற்றுக்கொள்வோம். இவர்களின் சாவு வீண்போக விடமாட்டோம் என்று இங்கே உறுதிகொள்வோம். இறைவனின் கீழ் இந்த நாட்டில் சுதந்திரம் புதிதாய்ப் பிறக்கட்டும். மக்களுடைய ஆட்சி, மக்களால் நடக்கும் ஆட்சி, மக்களுக்கான ஆட்சி, இந்தப் பூமியில் அழியாமல் நிலைக்கட்டும்."